எந்த ஜன்னலில் உட்காரலாம்? விமானத்தில் வேடிக்கை பார்க்க விரும்புகிறவர்களின் கேள்விகள்

மதுரையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் "விண்டோ சீட் போட்டுடுங்க" என்பார்கள். "எந்தப் பக்கம்?" என்று நான் திருப்பிக் கேட்டதும்தான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரே பதிலை ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. ரெண்டு பக்கமும் ஜன்னல்தானே, எதுல உக்காந்தா என்ன?

டெல்லியிலிருந்து காத்மாண்டு போகும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு தவுளகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு என்று எட்டாயிரம் மீட்டர் மலைகள் வரிசையாக வரும். வலப்பக்கம் உட்கார்ந்தவருக்குக் கங்கைச் சமவெளியின் தூசிப் புகை. இரண்டு பேரும் ஒரே விமானத்தில்தான் போகிறார்கள். பக்கம் மாறினால் பயணமே மாறிவிடும்.

எல்லா வழித்தடத்திலும் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. ஆனால் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வெயிலை அடுத்துப் பாருங்கள், வரிசை எண்ணைக் கடைசியில் பாருங்கள். பலர் முன்வரிசை கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

2. ஏ சீட்டு எந்தப் பக்கம்? ஒவ்வொரு தடவையும் எனக்குக் குழப்பமாவே இருக்கு.

விமானம் போகும் திசையைப் பார்த்து நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் இடக்கைப் பக்கம் ஏ. நடுவில் ஒரே ஒரு நடைபாதை உள்ள விமானங்களில் வலக்கைப் பக்க ஜன்னல் எஃப். இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில் வலப்பக்க ஜன்னல் பெரும்பாலும் கே அல்லது எல். ஏ மட்டும் எங்கேயும் இடப்பக்கம்தான். அதை ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

இணையத்தில் சீட்டு வரைபடம் சில நேரம் மூக்கு மேலே இருக்கும்படி வரும், சில நேரம் படுக்கைவாக்கில் வரும். படத்தைப் பார்த்து இடம் வலம் முடிவு செய்யாதீர்கள். எழுத்தைப் பாருங்கள்.

3. விமானம் எந்தத் திசையில போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, புறப்படும் ஊர் கீழேயும் சேரும் ஊர் மேலேயும் வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். இப்போது கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் ஏ ஜன்னலில் தெரியும், வலப்பக்கம் இருப்பதெல்லாம் எஃப் ஜன்னலில் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

விமானம் எப்போதும் நேர்கோட்டில் போகாது. ஃபிளைட்ரேடார்24 மாதிரியான செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், அதே விமானம் முந்தைய நாட்களில் பறந்த பாதை கோடாகத் தெரியும். மூன்று நாட்களின் கோட்டைப் பார்த்தால் எந்தப் பக்கம் கடல், எங்கே திரும்புகிறது, எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

4. வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்?

காலையில் சூரியன் கிழக்கே, மாலையில் மேற்கே. வடக்கு நோக்கிப் போனால் கிழக்கு உங்கள் வலக்கைப் பக்கம். தெற்கு நோக்கிப் போனால் கிழக்கு இடக்கைப் பக்கம். சென்னையிலிருந்து காலையில் டெல்லி போகிறீர்கள் என்றால் வெயில் வலப்பக்கம், நிழல் ஏ சீட்டில். அதே பயணம் மாலையில் என்றால் எஃப்.

நிழல் பக்கம் உட்காரச் சொல்வது சூட்டுக்காக மட்டும் இல்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்போது வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்து தரைமேல் விழுகிறது. வயலின் பச்சை பச்சையாகத் தெரியும், செம்மண் செம்மண்ணாகத் தெரியும். சூரியன் பக்கம் பார்த்தால் நடுவில் இருக்கும் தூசியும் ஈரமும் வெள்ளைத் திரை மாதிரி மறைக்கும், ஜன்னலின் கீறல்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும். உச்சிவேளையில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

5. இறக்கை மறைக்காம இருக்க எத்தனாவது வரிசை போடணும்?

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரியான 30 வரிசை விமானங்களில் ஏறக்குறைய 9இலிருந்து 20 வரை இறக்கைக்கு மேலே வரும். அதற்கு முன்னாலோ பின்னாலோ போடுங்கள். ஏ321 இன்னும் நீளமானது, அதில் இறக்கையின் வரிசை எண் பின்னால் தள்ளிப்போகும். அவசர வழி உள்ள வரிசைகள் இறக்கையை ஒட்டியே இருக்கும் என்பதால் சீட்டு வரைபடத்தில் அவற்றைக் கண்டுபிடித்து, முன்னும் பின்னும் நாலைந்து வரிசையைக் கழித்துவிடுங்கள்.

முன்னாலா பின்னாலா என்றால் என் ஓட்டு முன்னால். காரணம், என்ஜினிலிருந்து வரும் சூடான காற்று பின்வரிசை ஜன்னல்களுக்கு எதிரே ஓடும். அதன் வழியாகப் பார்த்தால் அடுப்புக்கு மேலே பார்ப்பது மாதிரி மலையும் வீடும் நெளியும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் படத்தில் தெரிந்துவிடும். ஆனால் இறக்கையும் படத்தில் வரவேண்டும், இறங்கும்போது இறக்கையின் தட்டுகள் ஒவ்வொன்றாக நீள்வதைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குப் பின்வரிசைதான் சரி. குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

6. காத்தாடி வச்ச சின்ன விமானம். அதுலயும் இறக்கை மறைக்குமா?

மறைக்காது. அது ஏடிஆர் 72. அதில் இறக்கை தலைக்கு மேலே கூரை மாதிரி இருக்கிறது. எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் கீழே தரை தெரியும். முன்பாதியில் மட்டும் என்ஜினும் சுழலும் காத்தாடியும் பக்கவாட்டுப் பார்வையில் குறுக்கே வரும், சத்தமும் அங்கேதான் அதிகம். ஏறும் படி பின்பக்கம் இருப்பதால் பின்வரிசைக்காரர்கள் சீக்கிரம் இறங்கியும் விடலாம். நடு வரிசைகளில் இருந்தால் உடம்பிலிருந்து சக்கரம் கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

பலர் இந்த விமானம் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல விமானம் நம்மூர் வழித்தடங்களில் கிடையாது என்பது என் கருத்து. ஜெட் விமானங்கள் 35,000 அடி உயரத்தில் போகும். இது அதிகபட்சமே 25,000 அடிதான், குறைந்த தூரத்தில் அதற்கும் கீழே. கண்மாய்க் கரையில் நிற்கும் பனைமரங்களின் வரிசை, கிராமத்துக் கோயில் குளம் எல்லாம் அடையாளம் தெரியும்.

7. மதுரை – சென்னை ஒரு மணி நேரம்தான். அதுல பார்க்க என்ன இருக்கு?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். காலை விமானத்தில் மதுரையிலிருந்து சென்னைக்கு ஏ சீட்டில் உட்காருங்கள். விமானம் வடகிழக்கே போகிறது, சூரியன் வலப்பக்கம் இருக்கிறது, மலைகளெல்லாம் இடப்பக்கம் நல்ல வெளிச்சத்தில் இருக்கின்றன.

கிளம்பியதும் யானைமலை. மேலிருந்து பார்த்தால் யானையாகத் தெரியாது, ஒரே கல் நீளமாகக் கிடப்பது மாதிரி இருக்கும். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள், பச்சைத் தண்ணீர் தேங்கிய சதுரக் குழிகள். இடப்பக்கம் தள்ளி சிறுமலை. ஏறக்குறைய 20 நிமிடத்தில் காவிரி வரும். நேர்பாதையில் போனால் திருச்சிக்குக் கொஞ்சம் கிழக்காகக் கடக்கும். முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தை இரண்டு கையால் அணைத்த மாதிரி வளைந்து போவது இடப்பக்க ஜன்னலில் முழுதாகத் தெரியும். வலப்பக்கக்காரர்களுக்குக் கல்லணை. ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், எத்தனையோ தடவை போயும் வந்திருக்கிறேன். தீவாக அதை நான் பார்த்தது அந்த ஜன்னலில்தான். அன்று ஆற்றில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மணல் திட்டுகளின் நடுவே ஓடைகள் பின்னல் பின்னலாகப் பிரிந்து சேர்ந்து போயின.

அதற்கப்புறம் பச்சைமலை, அதன் பின்னே கொல்லிமலை, கல்வராயன், தொலைவில் ஜவ்வாது. பெயர் தெரிந்துகொண்டு பார்த்தால் நேரம் போவதே தெரியாது. திரும்பி வரும்போது இதே காட்சிகளுக்கு வலப்பக்கம் உட்காரவேண்டும்.

8. சென்னையிலேருந்து கோயம்புத்தூர், தூத்துக்குடி போனா?

கோயம்புத்தூருக்கு வலப்பக்கம். சேர்வராயன் மலை, மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம், கடைசியில் நீலகிரி. தூத்துக்குடிக்கு இடப்பக்கம் கடலோரம் கூட வரும். இறங்கும் நேரத்தில் உப்பளங்கள், ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நிறத்தில். அவை இரண்டு பக்கமும் தெரியும்.

கொல்கத்தா, புவனேஸ்வர் போகிறவர்கள் இடப்பக்கம் போடுங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பழவேற்காடு ஏரியும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாவும் வரும். அப்புறம் ஒடிசாவில் சிலிகா ஏரி.

9. கொழும்பு போறேன். ராமர் பாலம் தெரியுமா?

வானம் தெளிவாக இருந்தால் தெரியும், எந்த ஊரிலிருந்து ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பக்கம் மாறும். சென்னையிலிருந்து போனால் வலப்பக்கம். முதலில் கோடிக்கரையின் மூக்கு, அப்புறம் பாக் நீரிணை, அப்புறம் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் போகும் மணல்திட்டுகள். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போனால் இடப்பக்கம்.

ஆழம் குறைந்த இடத்தில் கடல் வெளிர்பச்சையாகவும் ஆழமான இடத்தில் கருநீலமாகவும் இருக்கும். மணல்திட்டைத் தேடாமல் முதலில் அந்த நிற வித்தியாசத்தைத் தேடுங்கள், கண் தானாகத் திட்டில் போய் நிற்கும். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் புதிய பாலம் ஒன்றைத் திறந்தார்கள். கீழே பறக்கும் விமானம் என்றால் அந்தக் கோடுகளையும் பிடித்துவிடலாம்.

10. சென்னையில இறங்கும்போது மெரினா எந்தப் பக்கம் வரும்?

அது காற்றின் கையில் இருக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். மேற்கிலிருந்து காற்று வீசும் தென்மேற்குப் பருவக் காலத்தில் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து நகரத்துக்கு மேலே வந்து இறங்குவார்கள். அப்போது வலப்பக்கம் சாந்தோம், மெரினா, சேப்பாக்கம், தொலைவில் துறைமுகம். இடப்பக்கம் பெசன்ட் நகர், அடுத்து கிண்டிக் காட்டின் அடர்ந்த பச்சை. அவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவே அந்தக் காடு கிடப்பதைப் பார்ப்பதும் லேசான காட்சி இல்லை.

வடகிழக்குப் பருவத்தில் காற்று திரும்பிவிடும். மேற்கே குன்றத்தூர்ப் பக்கமிருந்து இறங்குவார்கள், இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. மழைக்குப் பிறகு அது கடல் மாதிரி இருக்கும். லண்டன் ஹீத்ரோவுக்கும் இதே கதைதான். அங்கே மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் கிழக்கேயிருந்து இறங்குவார்கள், தேம்ஸ் நதியும் நகரத்தின் நடுப்பகுதியும் வலப்பக்கம்.

11. இமயமலையைப் பார்க்கணும். எந்த ஊருக்கு, எந்தப் பக்கம்?

டெல்லியிலிருந்து கிழக்கே போகும் எல்லா விமானத்திலும் மலை வடக்கே, அதாவது இடப்பக்கம். காத்மாண்டு, டார்ஜிலிங் பக்கத்து பாக்டோக்ரா, குவாஹாத்தி, பூட்டானின் பாரோ எல்லாமே ஏ சீட்டு. திரும்பும்போது வலப்பக்கம். இவற்றில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் காத்மாண்டு – பாரோ. எவரெஸ்ட், மகாலு, கஞ்சன்ஜங்கா மூன்றும் இடப்பக்கம் வரிசையாக வரும், விமானமும் மலைக்குப் பக்கமாகப் போகும்.

எவரெஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். தெற்கேயிருந்து பார்க்கும்போது அது தனியாக நிற்காது. லோட்சே, நுப்சே என்ற மலைச்சுவருக்குப் பின்னாலிருந்து கறுத்த முக்கோணமாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வலப்பக்கம் தள்ளி மகாலு. இன்னும் கிழக்கே போனால் அகலமாகத் தனிக் கூட்டமாக நிற்பது கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். சாதாரணக் கண்ணுக்குக் கஞ்சன்ஜங்காதான் பெரியதாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள்.

டெல்லியிலிருந்து லடாக்கின் லே போகும் கணக்கு வேறு. அங்கே மலைக்குப் பக்கத்தில் போவதில்லை, மலைகளுக்கு மேலேயே நேர் வடக்கே போகிறோம். இரண்டு பக்கமும் பனிதான். இருந்தாலும் லே விமானங்கள் பெரும்பாலும் காலையில் போகின்றன, சூரியன் வலப்பக்கம், பனியில் பட்டுக் கண் கூசும். நுன், குன் என்ற ஏழாயிரம் மீட்டர் இரட்டைச் சிகரங்களும் மேற்கேதான். அதனால் போகும்போது ஏ.

12. மலை தெரியும்னு சொன்னீங்க, வெறும் மேகம்தான் தெரிஞ்சுது.

மழைக்காலத்தில் போயிருப்பீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இமயமலை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். நம் பக்கத்துக்கு வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி. எந்த மாதமானாலும் காலை விமானம் நல்லது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி மேகம் கட்டத் தொடங்கும், ஆட்டமும் அதிகமாகும்.

இன்னொன்றும் இருக்கலாம். ஒரு பெரியவர் பாக்டோக்ரா போய்வந்து ஒன்றுமே தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். கைபேசியில் எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தேன். அடிவானத்தில் தூசிக்கு மேலே வெள்ளையாக ஒரு வரிசை. அவர் மேகம் என்று நினைத்தது மலை. நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அடிப்பாகம் தூசியில் மறைந்து, மேல்பாகம் மட்டும் அந்தரத்தில் நிற்பது மாதிரி தெரியும். ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். மேகத்தின் ஓரம் கலையும், மலையின் ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி அப்படியே இருக்கும்.

13. ஜன்னல் சீட்டுன்னு காசு கட்டினேன், பக்கத்துல வெறும் சுவர். ஏமாத்துறாங்களா?

கோபம் நியாயமானதுதான், ஆனால் காரணம் விமானத்தின் உடம்பில் இருக்கிறது. ஜன்னல்கள் விமானத்தின் சட்டங்களுக்கு நடுவே வைத்தவை. ஏ320இல் ஒரு ஜன்னலுக்கும் அடுத்ததற்கும் 21 அங்குலம், 737இல் 20 அங்குலம். சீட்டு வரிசைகளோ 28 முதல் 31 அங்குல இடைவெளியில். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததால் சில வரிசைகளில் ஜன்னல் தோளுக்குப் பின்னாலோ முன்சீட்டுக்காரர் பக்கமோ போய்விடும். 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஏறக்குறைய 9 முதல் 12 வரிசைக்குள் ஓர் இடத்தில் ஜன்னலே இருக்காது. குளிர்காற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள் மேலே ஏறுகிறது. இப்படிச் சுவரைக் காட்டி ஜன்னல் கட்டணம் வாங்கியதாக 2025இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள்.

737 என்றால் அந்த வரிசைகளில் ஏ வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன். மற்றபடி ஏறியதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பாருங்கள். அடுத்த ஜன்னலில் பாதியாவது கிடைக்கும்.

14. ராத்திரி விமானத்துல ஜன்னல் வேஸ்ட்தானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைக்கு மேல் விளக்கை அணைத்து, சால்வையைத் தலையோடு போர்த்தி ஜன்னலோடு முகத்தை ஒட்டிப் பாருங்கள். உள்வெளிச்சம் மறைந்ததும் வெளியே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அக்டோபர், நவம்பரில் தொலைவில் மின்னும் மேகம், உள்ளே யாரோ விளக்கை ஏற்றி ஏற்றி அணைப்பது மாதிரி. கடலுக்கு மேலே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். பௌர்ணமி என்றால் மேகத்தின் முதுகெல்லாம் பால்.

சென்னையிலிருந்து இரவில் கிளம்பி விடியற்காலை சிங்கப்பூர் போய்ச் சேருகிறவர்கள் ஏ சீட்டு போடுங்கள். தென்கிழக்கே போகிறீர்கள், விடியல் இடப்பக்கம் வரும். டெல்லிக்கு நள்ளிரவு விமானம் என்றால் நடைபாதைச் சீட்டில் தூங்குங்கள்.

15. போட்டோ எடுத்தா மங்கலா வருது. எடுத்தா பிரச்சினையும் வருமா?

கைபேசியை ஜன்னலுக்கு மிக அருகில் பிடியுங்கள், ஆனால் ஒட்டாதீர்கள். ஒட்டினால் விமானத்தின் அதிர்வு படத்தில் இறங்கும். ஃபிளாஷ் வேண்டாம். கறுப்புத் துணியோ கறுப்புச் சட்டையோ இருந்தால் பிரதிபலிப்பு குறையும். கேமராவில் போலரைசர் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஜன்னலின் பிளாஸ்டிக்கில் அது வானவில் வானவில்லாகக் கறை காட்டும். கிளம்பும் முன் ஜன்னலை ஒரு மென்துணியால் துடைத்துவிடுங்கள், முந்தைய பயணியின் தலை எண்ணெய் கட்டாயம் இருக்கும்.

பறக்கும்போது சாதாரணமாக எடுப்பதில் தடை இல்லை. இராணுவத்தோடு பகிர்ந்துகொள்ளும் விமான நிலையங்களில் தடை உண்டு. லே, ஸ்ரீநகர், பாக்டோக்ரா, போர்ட் பிளேர் எல்லாம் அந்த வகை. 2025 மே மாதம் அப்படிப்பட்ட நிலையங்களில், குறிப்பாக மேற்கு எல்லைப் பக்கம், ஏறும்போதும் இறங்கும்போதும் 10,000 அடி வரை ஜன்னல் மூடியை இறக்கி வைக்கவும் உத்தரவு வந்தது. அன்றைய அறிவிப்பில் பணியாளர்கள் என்ன சொல்கிறார்களோ அதைக் கேளுங்கள். மற்ற ஊர்களில் நேர்மாறாக, ஏறும்போதும் இறங்கும்போதும் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். ஆபத்து என்றால் வெளியே தீ இருக்கிறதா என்று உடனே தெரியவேண்டும் என்பதற்காக.

16. ஜன்னல்ல கீழே சின்னதா ஓட்டை இருக்கு. உடைஞ்சிருக்கா?

இல்லை, வேண்டுமென்றே போட்டது. ஜன்னலில் மூன்று அடுக்கு. வெளி அடுக்குதான் காற்றழுத்தத்தைத் தாங்குகிறது. நடு அடுக்கில் இருக்கும் அந்த ஊசி ஓட்டை வழியாக இடையில் உள்ள காற்று சமனாகிறது, ஈரமும் வெளியேறுகிறது. நாம் தொடுவது கைபடாமல் காக்கும் மூன்றாவது அடுக்கு. உயரத்தில் அந்த ஓட்டையைச் சுற்றிப் பனிப்படிகம் பூ மாதிரி பூக்கும். அரை மணி நேரத்தில் அது இதழ் இதழாக வளர்வதைப் பார்த்திருக்கிறேன். மேகம் மூடிவிட்டால் அதைப் பாருங்கள்.

17. பெரிய விமானத்துல மூடியே இல்லை, ஜன்னல் நீலமா இருட்டாயிடுச்சு. என்ன செய்யறது?

அது போயிங் 787. கீழே இருக்கும் பொத்தானின் ஒரு பக்கத்தை அழுத்தினால் கண்ணாடி இருளும், மறுபக்கத்தை அழுத்தினால் தெளியும், ஒரு நிமிடம் போல் ஆகும். தூங்கும் நேரத்தில் பணியாளர்கள் மொத்தமாக இருட்டிப் பூட்டிவிடுவார்கள். முக்கியமான காட்சி வரப்போகிறது என்றால் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அந்த ஜன்னல் மற்ற விமானங்களைவிடப் பெரியது, அதனால் வரிசைக் கவலை (13ஆம் கேள்வி) இதில் குறைவு.

18. சீட்டுக்குக் கூடுதல் காசு கேக்கறாங்க. கட்டலாமா?

இமயமலை வழிகளுக்குக் கட்டுங்கள், யோசிக்கவே வேண்டாம். மதுரை – சென்னை பகல் விமானத்துக்கு, நான் கட்டுவேன். மற்றதற்கு, இணைய செக்-இன் திறக்கும் நேரத்துக்கு விழித்திருங்கள். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன் திறக்கும். பின்வரிசை ஜன்னல்கள் அப்போது இலவசமாகவோ குறைவாகவோ கிடைப்பதுண்டு. கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றினால் வரிசை எண் புரண்டுபோகலாம், பக்கம் மாறாது. எனவே பக்கத்துக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

19. குடும்பமா வந்தவங்க ஜன்னலை விட்டுக் கொடுங்கன்னு கேட்டா?

கைக்குழந்தையோடு தாய் தனியாக உட்காரவேண்டிய நிலை என்றால் நான் கொடுத்துவிடுவேன். வசதிக்காகக் கேட்டால், "இதைப் பார்க்கத்தான் போட்டேன்" என்று சொல்வதில் தப்பில்லை. கொடுப்பதானால் அதே பக்கத்தில் வேறு ஜன்னல் கிடைக்குமா என்று கேளுங்கள். ஜன்னலில் உட்கார்ந்தவருக்கும் ஒரு கடமை உண்டு. மலை வந்தால் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்லி, முதுகைச் சீட்டோடு ஒட்டி அவருக்கும் வழிவிடுங்கள்.

20. நிழல் பக்கம் உக்காரச் சொன்னீங்க. ஆனா வெயில் பக்கம்தான் நல்லா இருந்துச்சே?

4ஆம் கேள்வியில் சொன்ன விதிவிலக்கு இதுதான். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் நம் மாவட்டங்களுக்கு மேலே பறக்கும்போது வெயில் பக்கம் உட்காருங்கள். தாழ்ந்த சூரியன் நீரில் பட்டுத் திரும்புவது அந்தப் பக்கத்தில்தான் கண்ணுக்கு வரும். ஒரு கண்மாய் பளீரென்று வெள்ளியாகும், அது அணையும் முன் அடுத்தது, அதற்கடுத்து வயலின் பாத்திகள், வாய்க்கால். விமானத்தோடு ஓர் ஒளி தரைமேல் ஓடி வருவது மாதிரி இருக்கும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எத்தனை கண்மாய் இருக்கின்றன என்று அப்போது தெரியும்.

நிழல் பக்கத்துக்கும் தனியாக ஒன்று உண்டு. கீழே மேகம் விரிந்திருந்தால் விமானத்தின் நிழல் அதன்மேல் விழும், நிழலைச் சுற்றி வட்டமாக வானவில். அந்த வட்டத்தின் நடுப்புள்ளி நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம். முன்வரிசைக்காரருக்கு அது நிழலின் முன்பாதியில் தெரியும், பின்வரிசைக்காரருக்குப் பின்பாதியில். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் எதிர்ப்பக்க அடிவானத்தில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழும், அதன்மேல் இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பல் நீலம் பூமியின் நிழல். சூரியன் பக்கம் செவ்வானம் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

21. அம்மாவுக்கு எழுபது வயசு, முதல் தடவை விமானம். கால் வலி வேற. ஜன்னல் போடவா, நடைபாதை போடவா?

ஒரு மணி நேரப் பயணம் என்றால் ஜன்னல், பக்கத்தில் நீங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் என்றால் நடைபாதை. வயிறு புரட்டும் என்று பயம் இருந்தால் இறக்கைக்கு அருகில் போடுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. தொலைவில் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் குமட்டல் அடங்கும்.

என் அம்மாவை முதல் தடவை சென்னைக்கு அனுப்பியபோது கூடப் போக முடியவில்லை. ஏ சீட்டு எடுத்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: யானைமலை, சிறுமலை, காவிரி, ஸ்ரீரங்கம், பச்சைமலை, ஏரி. சென்னையில் இறங்கி என் தங்கையிடம் அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார். யானைமலைக்கும் காவிரிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நேரே பேனாவால் டிக் போட்டிருந்தது. பக்கத்துச் சீட்டுப் பையனிடம் பேனா வாங்கினாராம். நீங்களும் இப்படி ஒரு தாள் எழுதி, பேனாவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.